குழையைப் பார்த்து ஆடு வாங்குங்கள்: சிறு பண்ணைக்கு வெள்ளாட்டு இனம் தேர்ந்தெடுக்கும் முறை

புதிதாக வெள்ளாடு வளர்க்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த இனம் நல்லது?" என்பதைத்தான். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் வீட்டைச் சுற்றி ஆட்டுக்கு என்ன குழை, அதாவது இலைதழை, கிடைக்கிறது?" என்பதை. இந்த இரண்டாம் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் முதல் கேள்விக்கான விடையில் பாதி கிடைத்துவிடும். ஐந்து முதல் பத்துப் பெட்டை ஆடுகளும் ஒரு கிடாவும் வைத்துக்கொண்டு, வீட்டு ஆட்களே பார்த்துக்கொள்ளும் பண்ணையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நூறு ஆடுகளும் கூலி ஆட்களும் கொண்ட பண்ணைக்கு இந்தக் கணக்குகள் சில இடங்களில் பொருந்தா.

முதல் படி: தீவனத்தை எண்ணுங்கள்

வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ பசுந்தீவனம் வேண்டும். பத்து ஆடுகளுக்கு நாளைக்கு 40 கிலோ என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ பதினாலரை டன் ஆகிறது. கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் 20 அல்லது 25 சென்ட் நிலத்தில் கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லையும் வேலிமசால் என்னும் பயறுவகைத் தீவனச் செடியையும் வைத்து, வரப்பில் அகத்தியும் சவுண்டலும் (சூபாபுல் மரம்) நட்டால் இதைச் சமாளித்துவிடலாம். வெறும் புல்லை மட்டும் போட்டால் ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அது இயல்பிலேயே தலையைத் தூக்கி இலை பறிக்கும் விலங்கு. ஆகையால் தீவனத்தில் கால் பங்காவது மரக்குழையாக இருக்கட்டும். சவுண்டலை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிட வேண்டாம், அதில் உள்ள மைமோசின் என்னும் பொருள் மிகுந்தால் முடி உதிரும், உடம்பும் கெடும்.

தண்ணீர் இல்லாத மானாவாரி நிலக்காரர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். ஆவணியில் என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள். பங்குனி, சித்திரையில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டில் அந்த இரண்டு மாதமும் ஆட்டைக் காப்பாற்றுவது வேம்பு, உடைமரத்து நெற்று, சேமித்து வைத்த கடலைக்கொடி, சீமைக்கருவேல நெற்று ஆகியவைதாம்.

இரண்டாம் படி: மேய்ச்சலா, கொட்டிலா என்று முடிவு செய்யுங்கள்

நாளைக்கு ஆறு மணி நேரம் ஆட்டின் பின்னால் நடக்க வீட்டில் ஓர் ஆள் இருக்கிறாரா, மேய்க்க இடம் இருக்கிறதா என்னும் இரண்டு கேள்விகளே இதைத் தீர்மானிக்கின்றன. இரண்டும் இருந்தால் மேய்ச்சல். ஒன்று இல்லாவிட்டாலும் கொட்டில். கொட்டிலில் ஆடு ஒன்றுக்குப் பத்து முதல் பதினைந்து சதுர அடி இடமும், ஈரம் தங்கும் ஊரானால் புழுக்கையும் சிறுநீரும் கீழே விழும்படி இடைவெளி விட்ட பரணும் தேவைப்படும். மேய்ந்து பழகிய இனத்தைத் திடீரென்று கொட்டிலில் அடைத்தால் அது மெலியும், மற்ற ஆடுகளை முட்டும், நாள் முழுதும் கத்தும். வேறு நிலத்துக்கு உரிய இனத்தை இங்குள்ள முள்காட்டில் விட்டால் என்ன நடக்கும் என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றேன்.

தொடங்கிய ஆண்டில் ஒரு தரகர் மூலம் நான்கு ஜமுனாபாரி ஆடுகளை வாங்கினேன். முகம் கிளிமூக்குப்போல் வளைந்து, காது ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிய அழகில் மயங்கியது உண்மை. உத்தரப்பிரதேசத்தின் எட்டாவா பகுதியில், யமுனைக் கரைப் பள்ளத்தாக்குப் புதர்களில் மேய்ந்து உருவான இனம் அது. பாலுக்குப் பெயர் பெற்றது. இங்கே அதன் காது கருவேல முள்ளில் கிழிந்தது, கிழிந்த இடத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்தது. ஐப்பசி அடைமழையில் இரண்டு ஆடுகள் சளி பிடித்து, மூச்சுத் திணறி ஒரே வாரத்தில் போயின. பக்கத்துக் காட்டில் கன்னி என்னும் உள்ளூர் இனத்து ஆடுகள் இருபதை மேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "காதைப் பாத்து வாங்குனியே தம்பி, காட்டைப் பாத்தியா?" என்றார். இனத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, தப்பு வாங்கியவன்மேல்தான்.

மூன்றாம் படி: இனத்தைப் பொருத்திப் பாருங்கள்

மேய்ச்சல் என்று முடிவானால் உங்கள் வட்டாரத்து இனத்தையே முதலில் பாருங்கள். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளுக்கு உரியது கன்னி ஆடு. உடம்பு கறுப்பாக இருக்கும், முகத்தின் இரண்டு பக்கமும் கொம்படியிலிருந்து மூக்கு வரை ஒரு கோடு ஓடும். வயிற்றின் அடியிலும் கால்களின் உட்புறத்திலும் அந்தக் கோட்டின் நிறமே இருக்கும். கோடு வெள்ளையானால் பால்கன்னி, செம்பழுப்பானால் செங்கன்னி. நெட்டைக் காலால் எட்டி நின்று குழை பறிக்கும், வெயில் தாங்கும், இரட்டைக் குட்டி போடுவது இதில் சாதாரணம். தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கங்களில் கொடி ஆடு இருக்கிறது. வெள்ளை உடம்பில் கறுப்புத் தெளிப்பு இருந்தால் கரும்போரை என்றும், செந்தெளிப்பு இருந்தால் செம்போரை என்றும் சொல்வார்கள். கழுத்தும் காலும் நீண்டு, நெடுந்தூரம் சளைக்காமல் நடக்கும் ஆடு இது.

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல், ஈரோடு வட்டாரத்தார் சேலம் கருப்பு ஆட்டை விட்டு வெளியே தேட வேண்டிய தேவை அநேகமாக இல்லை. உடம்பு முழுதும் கறுப்பாக இருப்பதால் குலதெய்வக் கோயில் கிடாவெட்டுக்கு இதற்குத் தனிக் கேட்பு உண்டு; ஆடியிலும் பங்குனியிலும் கறிவிலைக்கு மேல் கொடுத்து வாங்கிப்போவார்கள். கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபுவள அமைவனம் கன்னி, கொடி, சேலம் கருப்பு ஆகிய மூன்றையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. ஆகவே "நாட்டாடுதானே" என்று யாரேனும் உதட்டைப் பிதுக்கினால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கொட்டில் என்றால் தலைச்சேரி ஆடு முதலில் நினைவுக்கு வர வேண்டும். மலபாரி என்றும் அழைக்கப்படும் இது வடகேரளத்தில் உருவானது. அடைத்து வளர்க்க ஒத்துக்கொள்ளும், ஓரளவு பாலும் தரும். இரட்டைக் குட்டி வழக்கம், மூன்று குட்டியும் அரிதல்ல. விற்கிறவர்கள் அந்த மூன்று குட்டியைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். ஆட்டுக்கு இருப்பது இரண்டு காம்புகள். மூன்றாவது குட்டிக்கு நாளைக்கு நான்கைந்து தடவை புட்டிப்பால் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தால்தான் அது உங்கள் கணக்கில் வரும். இல்லையென்றால் மூன்றுமே நோஞ்சானாக நிற்கும். ஆக்ரா, மதுரா பக்கத்துப் பார்பாரியும் சிறிய இடத்துக்கு ஏற்ற குள்ள இனம்தான், ஆனால் இங்கே தூய இனமாகக் கிடைப்பது கடினம். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த போயர், வேகமாக எடை கூடும் கறி இனம். அந்த வேகம் அடர்தீவனத்தால் (தானியம், பிண்ணாக்குக் கலவை) வருவது. அதன் செலவையும் ஆட்டின் விலையையும் பார்த்தால் தொடங்குகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நான்காம் படி: சந்தையில் வாயைத் திறந்து பாருங்கள்

இனத்தை முடிவு செய்த பிறகு, முடிந்தவரை வளர்ப்பவர் வீட்டுக்கே போய் வாங்குங்கள். தாயாட்டையும் அதன் முந்தைய ஈத்துக் குட்டிகளையும் (முன்பு ஈன்றவை) அங்கேதான் பார்க்க முடியும். எட்டயபுரம், மேலப்பாளையம், அய்யலூர் போன்ற பெரிய சந்தைகளுக்குப் போவதானால் முதல் இரண்டு வாரம் பணம் எடுத்துக்கொள்ளாமல் போய், வேடிக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

ஆட்டின் தாடையைப் பிடித்துக் கீழுதட்டை விலக்கினால் கீழ்த்தாடையில் எட்டு முன்பற்கள் தெரியும். மேலே பல்லே இருக்காது, அது பிறவி அமைப்பு. "பல் விழுந்த ஆடு" என்று பயந்து விலகிய புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். எட்டும் சிறிய பால்பற்களானால் ஆட்டுக்கு ஏறக்குறைய ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு பற்கள் மட்டும் அகலமாக முளைத்திருந்தால் ஒன்றேகால் வயது போல. நான்கு பல் இரண்டு வயது, ஆறு பல் மூன்று வயது, எட்டும் சேர்ந்துவிட்டால் நான்கு வயதை ஒட்டியது. "முதல் ஈத்து" என்று சொல்லப்பட்ட ஆட்டின் வாயில் எட்டுப் பல்லும் தேய்ந்திருந்தால், மேற்கொண்டு விலை பேச வேண்டாம். இரண்டு பல் அல்லது நான்கு பல் பெட்டையே தொடங்குகிறவருக்கு ஏற்றது.

பிறகு கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உட்புறம் ரோஜா நிறமாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தத்தைக் குடித்திருக்கிறது என்று பொருள். மடியின் இரு பாதியும் ஒத்த அளவாக, கட்டியில்லாமல் மெத்தென்று இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். வாலடி கழிச்சலால் நனைந்திருந்தால் விட்டுவிடுங்கள். வயிறு பீப்பாய்போல் உப்பியிருந்தால் அது சினைதான் என்று நம்பிவிட வேண்டாம், சந்தைக்கு வரும் வழியில் உப்பும் தண்ணீரும் கொடுத்து நிரப்பியிருக்கலாம்.

ஐந்தாம் படி: கிடாவைத் தனியாக வாங்குங்கள்

பெட்டைகளை வாங்கிய இடத்திலேயே கிடாவையும் வாங்கினால் அண்ணன் தங்கையாக அமைந்துவிடும் ஆபத்து உண்டு. வேறு ஊரில், இரட்டையாகப் பிறந்த கிடாவாகத் தேடுங்கள். ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுங்கள், இல்லையேல் அது தன் மகள்களோடே சேரும். சிறிய உள்ளூர்ப் பெட்டைக்குப் பெரிய இனத்துக் கிடாவைச் சேர்ப்பவர்கள், குட்டி பெரிதாகி ஈனும்போது சிக்கிக்கொள்ளும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆறாம் படி: மூன்று வாரம் ஒதுக்கி வையுங்கள்

வந்த ஆடுகளைப் பழைய ஆடுகளோடு உடனே சேர்க்காமல் 21 நாளாவது தனியே கட்டுங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் குடற்புழு நீக்கம் செய்து, ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மழை தொடங்கும் முன் துள்ளுமாரி என்னும் குடல்நச்சு நோய்க்கும் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

அன்றே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி ஆட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கிடா சேர்ந்த நாள், ஈன்ற நாள், எத்தனை குட்டி, மூன்றாம் மாதத்தில் எத்தனை பிழைத்திருக்கிறது என்ற நான்கு செய்திகள் போதும். சினைக்காலம் 150 நாள் போல ஆவதால், நன்றாகக் கவனித்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈத்து கிடைக்கும். இரண்டாம் ஈத்து முடியும் வரை எந்த ஆட்டைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முடிந்த பின் அந்த நோட்டைப் புரட்டி, எந்த ஆட்டின் மறிக்குட்டிகளை (பெட்டைக் குட்டிகளை) வீட்டில் நிறுத்துவது, எதைச் சந்தைக்கு ஓட்டுவது என்று பாருங்கள்.