மின்னல் எஃப்எம்மை மறைத்த இரைச்சல்

மலேசியாவில் சிலாங்கூரிலுள்ள எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா, எங்கள் ஆட்களுக்கு இன்றும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே அம்மாவுக்கு வானொலி வேண்டும். போன மாதம், விளக்கு வைக்கும் நேரமானால் 96.3இல் தமிழ் வானொலி மின்னல் எஃப்எம் கேட்காது. வெறும் 'ஸ்ஸ்' இரைச்சல்.

முதலில் டிஜிட்டல் ஒலிபரப்பைத்தான் சந்தேகித்தேன். அமெரிக்காவில் எஃப்எம் அலையின் இருபுறமும், மையத்திலிருந்து 129 முதல் 198 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, டிஜிட்டல் சிக்னலை ஏற்றுகிறார்கள். அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் (எஃப்சிசி) 2002இல் இதை அனுமதித்தது. பக்கத்து அலைவரிசையில் தொலைவிலிருந்து வரும் நிலையம் அதில் மூழ்கிவிடுவதுண்டு. ஆனால் அது நேரம் பார்த்து வராதே!

சரி, வீட்டிலேயே தேடினேன். பேட்டரி ரேடியோவை ஓடவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். இரைச்சல் நின்றது. அப்புறம் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டேன். சாமி மேடை எல்இடி பல்ப்! அதற்குள் இருக்கும் சின்ன மின்சுற்று நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும். மலிவான பல்பில் வடிகட்டி இருக்காது; வீட்டு ஒயரே ஆன்டெனாவாகி இரைச்சலைப் பரப்பும்.

நல்ல பல்ப் மாற்றினேன். கைப்பேசி சார்ஜரும் லேசாக இரைந்தது. அதன் ஒயரை, இரைச்சலை அடக்கும் காந்தப் பொருளான ஃபெரைட் வளையத்தில் மூன்று சுற்று சுற்றினேன். அன்று மாலை விளக்கேற்றியதும் பாட்டு தெளிவாகக் கேட்டது. அம்மா ஒலியை இன்னும் கூட்டி வைத்தார்.