குடியிருப்பில் கூட்டுத் தோட்டம் போட: கல்லூரி மாணவர்களுக்கு ஒரு செய்முறை

வரைபடத்தைத் தயார் செய்துகொண்டு குடியிருப்புக்குள் போய் நிற்காதீர்கள். படிப்பு முடிந்ததும் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். நாள்தோறும் தண்ணீர் ஊற்றப்போவது அங்கே இருப்பவர்கள். எனவே என்ன போடுவது, எங்கே போடுவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு.

படி 1: கேளுங்கள்
கீரையா, காயா, பூவா? வாரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? தோட்டத்துச் சாவி யாரிடம் இருக்கலாம்? கடைசிக் கேள்விக்குப் பல வீடுகளில் ஒரே பெயரைச் சொன்னால், பொறுப்பாளர் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம்.

படி 2: இடம்
தினமும் 6 மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும். நில உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்: எத்தனை ஆண்டுகளுக்கு, தண்ணீர்க் கட்டணம் யார் பொறுப்பு. சட்டத்துறை மாணவர்களை இதற்கு இழுத்துப் போடலாம்.

படி 3: மண் பரிசோதனை
பல்கலைக்கழகத்தால் பெரிதும் உதவ முடிவது இங்கேதான், ஆய்வகம் கைவசம் இருக்கிறதே! சருகை விலக்கிவிட்டு, ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். குழியின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய துண்டாக மண்ணைச் சீவி எடுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்து பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள். துத்தநாகப் பூச்சுள்ள வாளி வேண்டாம், முடிவு மாறிவிடும். கலந்த மண்ணைப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இதையே செய்து, நிழலில் உலர்த்திக் கொடுங்கள்.

மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலான காய்கறிகளுக்குச் சரி. ஈயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரோரத்திலும் பெரிய சாலையோரத்திலும் அது தேங்கியிருக்கும். அளவு மீறியிருந்தால் நல்ல மண் கொண்டுவந்து மேட்டுப்பாத்தி போடுவதே வழி. ஈயம் கீரையிலும் கிழங்கிலும் அதிகம் சேரும், தக்காளி, கத்தரியில் குறைவு. முடிவு எதுவானாலும் குடியிருப்பவர்களிடம் மறைக்காதீர்கள்.

படி 4: பாத்தி
அகலம் 4 அடி போதும். இருபுறமிருந்தும் நடுவரை கை எட்டும். பாத்திக்குள் கால் வைத்து மண்ணை இறுக்கிவிட வேண்டியிருக்காது. குனிய முடியாத பெரியவர்களுக்கு ஒரு பாத்தியை இரண்டடி உயரத்தில் கட்டுங்கள். முதல் விதைப்புக்குக் கீரையும் முள்ளங்கியும் நல்லது. சுமார் ஒரு மாதத்தில் பறிக்கலாம்.

படி 5: விடுமுறை
இந்தத் தோட்டங்கள் காய்வது பெரும்பாலும் தேர்வு நேரத்திலும் விடுமுறையிலும்தான். தண்ணீர் ஊற்றும் முறைப் பட்டியலில் ஆரம்பத்திலிருந்தே குடியிருப்பவர்கள் பெயர்களை மட்டும் எழுதுங்கள். மாணவர்கள் கூடுதல் கை, அவ்வளவே. ஊருக்குக் கிளம்புமுன் பாத்திகளில் ஈரம் காயாமலிருக்க 5 செ.மீ. கனத்துக்குச் சருகைப் பரப்பி மூடாக்குப் போட்டுவிடுங்கள், செடியின் தண்டை ஒட்டாமல்.