மேன் பக்கத்தில் பிழை கண்டால் எங்கே போய்த் திருத்துவது?

லினக்ஸ் கையேட்டில், அதாவது 'மேன்' கட்டளை காட்டும் பக்கங்களில், ஒரு எழுத்துப்பிழையோ, எப்போதோ நீக்கப்பட்ட ஆப்ஷனோ கண்ணில் பட்டால், அதைச் சரிசெய்ய நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கிட் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். திருத்தம் சில நொடி வேலைதான். அந்த வாக்கியம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகும்.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 'மேன் -டபிள்யூ எல்எஸ்' என்று கொடுத்தால் கோப்பின் பாதை வரும். டெபியன், உபுண்டுவில் அந்தப் பாதையை 'டிபிகேஜி -எஸ்' கட்டளைக்குக் கொடுங்கள் (எஸ் மட்டும் பெரிய எழுத்து). அது எந்த மென்பொருள் தொகுப்பைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும், டெபியனில் எல்எஸ்ஸுக்கு கோர்யுடில்ஸ். 'ஆப்ட் ஷோ' போட்டால் அதன் முகப்புப் பக்க முகவரியும் கிடைக்கும். அங்கிருந்து மூல ரெப்போவை குளோன் செய்துகொள்ளுங்கள்.

சிக்கல் இனிமேல்தான். கோர்யுடில்ஸ் ரெப்போவில் எல்எஸ் பக்கத்தை எவ்வளவு தேடினாலும் முழுசாகக் கிடைக்காது. '--ஹெல்ப்' கொடுத்தால் வருகிற உரையிலிருந்து 'ஹெல்ப்2மேன்' என்ற கருவி அந்தப் பக்கத்தை உருவாக்குகிறது. ஆக, பிழை இருப்பது சி நிரலுக்குள். உங்கள் கணினியில் உள்ள அந்தப் பக்கத்தின் கோப்பையே திறந்து பாருங்கள்: இதைத் திருத்தாதே என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கும். எந்த ரெப்போவானாலும் 'கிட் கிரெப்' போட்டுத் தேடுவதே என் வழக்கம். முழு வாக்கியத்தைத் தேடாதீர்கள், நடுவில் வரி உடைந்திருக்கும். அபூர்வமான இரண்டு சொல் போதும்.

கிடைத்ததும், மெயின் கிளையில் பிழை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. நீங்கள் படித்தது பழைய பக்கமாக இருக்கலாம்.

சரி, திருத்துங்கள். பிழையை மட்டும்! பத்தியை அழகாக மடிக்கிறேன் என்று இறங்கினால் டிஃப் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகி, பார்ப்பவருக்கு எது மாறியது என்றே தெரியாது. நேரடியாக எழுதப்பட்ட மேன் பக்கங்களில் ஆப்ஷனுக்கு முன்னால் உள்ள கோட்டுக்கு ஒரு பின்சாய்வுக் கோடு இருக்கும். அதை அழிக்காதீர்கள், அழித்தால் அது வேறு யூனிகோட் கோடாக மாறிவிடக்கூடும், நகலெடுத்து ஒட்டுபவரின் கட்டளை ஓடாது. 'மேன் -எல்' கொடுத்து வந்ததைப் பாருங்கள், அப்புறம் வடிவப் பிழைகளைச் சொல்லும் 'மேன்டாக் -டி லின்ட்' ஓட்டுங்கள் (டி பெரிய எழுத்து).

அனுப்பும் முன் அந்தக் கோப்பின் 'கிட் லாக்' பார்த்து, கமிட் செய்தியை அதே பாணியில் எழுதுங்கள். லினக்ஸ் மேன்-பேஜஸ் திட்டத்தில் எழுத்துப்பிழைத் திருத்தங்களுக்கு 'டிஃபிக்ஸ்' என்று ஒற்றைச் சொல் போடுவார்கள். புல் ரிக்வெஸ்ட் வாங்காத திட்டங்களுக்கு 'கிட் சென்ட்-ஈமெயில்' மட்டுமே என் சிபாரிசு. பிரவுசர் மெயிலில் ஒட்டினால் டேப்கள் இடைவெளியாகிவிடும், பேட்ச் பொருந்தாது.

பின்சேர்க்கை: திருத்திய பிறகு ஒரு வரியே காணாமல் போகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வரி புள்ளியிலோ ஒற்றை மேற்கோளிலோ தொடங்கினால், பக்கத்தை வடிவமைக்கும் நிரல் அதை உரையாக எடுத்துக்கொள்ளாமல் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும், அதனால்தான். வரியின் தொடக்கத்தில் பின்சாய்வுக் கோடும் ஆம்பர்சாண்டும் சேர்த்துப் போட்டால் வந்துவிடும்.