நல்லவர் வேடத்தில் வரும் வில்லனை எழுதுவது எப்படி

குடும்ப அனிமேஷன் படம் பாதி ஓடியும் வில்லன் யாரென்று தெரியவில்லையா? தொடக்கநிலை மூன்றில் படிக்கும் பிள்ளைகூட அம்மாவின் காதில், "இவருதாம்மா" என்று சொல்லிவிடும். அந்த 'இவர்' யார்? எல்லாருக்கும் உதவுகிறவர், எப்போதும் சிரிக்கிறவர், கதையில் சொந்தமாக ஒரு வேலையும் இல்லாதவர்.

பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கத்தை ஊட்டியது படங்கள்தான். 2012இல் 'ரெக்-இட் ரால்ஃப்' படத்தின் கிங் கேண்டி, 2013இல் 'ஃப்ரோசன்' ஹான்ஸ், 2014இல் 'பிக் ஹீரோ 6' பேராசிரியர் கேலஹன், 2016இல் 'ஸூட்டோப்பியா' பெல்வெதர், 2017இல் 'கோகோ' எர்னெஸ்டோ, 2018இல் 'இன்கிரெடிபிள்ஸ் 2' ஈவ்லின். ஏழு ஆண்டுகளில் ஆறு படங்கள். முதல் நான்கு வால்ட் டிஸ்னி அனிமேஷன் எடுத்தவை, கடைசி இரண்டு பிக்சார் எடுத்தவை. இவற்றை வீட்டில் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் நீங்கள் எழுதப்போகிறீர்கள்.

சிங்கப்பூரில் தமிழில் அனிமேஷன் திரைக்கதை எழுதுவோருக்கான வழிமுறை இது. 80 பக்கத் திரைக்கதை, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்வோம்.

மறைப்பது தேவையா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். வில்லனை மறைக்காமலும் பதற்றம் உண்டாக்கலாம். சிலப்பதிகாரத்தில் அரண்மனைப் பொற்கொல்லன்தான் சிலம்பைத் திருடியவன், பழியைக் கோவலன்மேல் போடப்போகிறான் என்பதை இளங்கோ நமக்கு முன்பே தெரிவித்துவிடுகிறார். தெரியாதவன் கோவலன் மட்டுமே. நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தக் காட்சியைப் படிக்கவே முடியவில்லை. ஆறு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு எழுதினால் இந்த வழியே நல்லது. ஒருவர் மனத்தில் தவறான நம்பிக்கை இருக்கலாம் என்பதே குழந்தைகளுக்கு 4, 5 வயதில்தான் பிடிபடத் தொடங்குகிறது. நண்பராக வந்தவர் திடீரென்று மாறினால் சின்னப் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

மறைத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு சோதனை வையுங்கள். உண்மை தெரிந்த பிறகு முந்தைய மூன்று காட்சிகளாவது வேறு பொருளில் தெரிகின்றனவா? தெரியாவிட்டால் கிளைமாக்ஸில் சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருக்கிறார், அவ்வளவுதான். அதற்கு வெளிப்படையான வில்லனே போதும்.

வேலை கொடுங்கள், பிறகு வஞ்சகம்

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு போவோம். கதைக்களம் பீஷான்-அங் மோ கியோ பூங்கா. கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆறு 2012இல் இயற்கையான ஆறாக மாற்றித் திறக்கப்பட்ட இடம். மின்னி என்ற நீர்நாய்க் குட்டியும் அதன் குடும்பமும் இருந்த வளையை விட்டு, காலாங் முகத்துவாரம்வரை போய்ப் புது இடம் தேடவேண்டிய நிலை.

வில்லன் யார்? கொக்கை வைக்காதீர்கள். ஓடுமீன் ஓட உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கையும், மீன்களை ஏமாற்றிய கொக்கை நண்டு பழிவாங்கிய கதையையும் அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. நரியும் அப்படித்தான். சந்தேகத்துக்குரியவராகக்கூட இவை எடுபடா. 'இதைக் காட்டி நம்மை ஏமாற்றுகிறார்கள்' என்று பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள்.

நம் வில்லன் ஆமை ஆச்சி. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள செங்காது ஆமை (red-eared slider). செல்லப்பிராணியாக வாங்கப்பட்டு, வளர்ந்ததும் நீர்நிலைகளில் விடப்படும் இந்த இனத்தைச் சிங்கப்பூரில் பார்க்காதவர் குறைவு. கண்ணாடித் தொட்டியில் வளர்ந்து, ஒருநாள் ஆற்றில் கொட்டப்பட்டவர் ஆச்சி. இன்னொரு முறை யாரும் தன்னை இடம்பெயர்க்கக் கூடாது என்ற பயம் அவருக்கு. அதனால் நீர்நாய்கள் இந்த வளைவை விட்டுப் போயாகவேண்டும். மின்னியின் பயமும் இதுவே: வீடு போய்விடுமோ. இருவருக்கும் ஒரே காயம் இருப்பதால்தான் துரோகம் வலிக்கும். பேராசைக்காகச் செய்தார் என்று எழுதினால் வலி பாதிகூட வராது.

இனி அவருக்கு வேலை. எந்த வடிகால் எங்கே போகும், எந்தப் பாலத்தடியில் இரவு தங்கலாம் என்பது ஆச்சிக்கு மட்டுமே தெரியும். அவர் இல்லாவிட்டால் பயணம் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அவர் சொல்லும் வழிகளில் குறைந்தது இரண்டு உண்மையாகவே மின்னியைக் காப்பாற்றவும் வேண்டும். கதைக்கு இன்றியமையாதவரைப் பிள்ளைகள் எளிதில் சந்தேகிப்பதில்லை. சும்மா வந்து தலையைத் தடவிவிட்டுப் போகிறவரைத்தான் பிடிக்கிறார்கள்.

ஆட்களின் எண்ணிக்கையும் முக்கியம். பெயருள்ள பாத்திரம் ஐந்தே இருந்தால் கழித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். 80 பக்கத்துக்கு எட்டுப் பேர் வேண்டும். அவர்களில் பெரியவர்கள் மூவராவது இருக்கட்டும்.

கதையைத் திசைதிருப்பும் ஆளை வெறுமனே சிடுசிடுப்பாக எழுதுவது சோம்பேறித்தனம். நம் கதையில் அது உடும்பு மாமா. இரவில் காணாமல் போகிறார், கேட்டால் மழுப்புகிறார். காரணம், பூங்காவில் பார்பிக்யூ போட்டவர்கள் விட்டுப்போன கோழி இறக்கையைத் திருடித் தின்கிறார், அதைச் சொல்ல வெட்கம். அவருக்கென்று ஒரு ரகசியம் இருந்து, அது 40ஆம் பக்க அளவில் வெளிப்பட்டுச் சிரிப்பு வரவேண்டும். அந்தச் சிரிப்போடு 'மர்மம் தீர்ந்தது' என்று பிள்ளைகள் தளர்ந்து உட்காருவார்கள்.

துப்புகள்

மூன்று போதும். ஒவ்வொன்றும் வேறு வழியில் வரட்டும்: ஒன்று படத்தில், ஒன்று செயலில், ஒன்று பேச்சில்.

14ஆம் பக்கம், படம். இந்தப் பூங்காவில் ஆற்று நீர் உயர்ந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், சங்கு ஒலிக்கும். "ராத்திரி சங்கு ஊதுச்சே, கேக்கலையா கண்ணு? வெள்ளம் வரப்போகுது, கிளம்புங்க" என்கிறார் ஆச்சி. அவர் நிற்கும் கரைக் கற்கள் காய்ந்து கிடக்கின்றன. அதைக் கவனிப்பதற்குள் குட்டிகள் அவசரமாகக் கிளம்பிவிடுகின்றன.

29ஆம் பக்கம், செயல். ஆற்றில் ஒரு கண்ணாடிப் புட்டி மிதந்து வருகிறது. குட்டிகள் அதை உருட்டி விளையாட, ஆச்சி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்கிறார். அதே நொடியில் கரையில் நாய் குரைக்கிறது. அதற்குப் பயந்தார் என்று நினைத்துக்கொள்வோம்.

43ஆம் பக்கம், பேச்சு. "மழை விட்டதும் நாங்க இங்கதான் இருப்போம்" என்று மின்னியிடம் சொல்கிறார். 'நாம' என்று வரவேண்டிய இடம். மின்னி அதற்குள் மீனைத் துரத்தி ஓடிவிடுகிறது.

ஒவ்வொரு துப்பையும் அடுத்த இரண்டு வரிக்குள் ஒரு சிரிப்போ அவசரமோ மூடுவதைக் கவனியுங்கள். காட்சியின் கடைசி வரியில் துப்பை வைக்கவே கூடாது, அதுதான் நினைவில் தங்கும். 'கோகோ' இதை நன்றாகச் செய்தது. எர்னெஸ்டோ நடித்த பழைய படத்தில் வாழ்த்திக் குடிக்கும் பானத்தில் நஞ்சு கலந்திருக்கும் காட்சி வருகிறது. தன் நண்பரை அவர் உண்மையில் கொன்ற விதமே அது. துப்பு கண்முன்னே ஓடினாலும் அதை ஒரு சினிமாக் காட்சியாகவே எடுத்துக்கொள்கிறோம்.

சிங்கப்பூரில் பலர் ஆங்கில வசனவரியோடு பார்ப்பார்கள். 'நாம', 'நாங்க' இரண்டும் அதில் ஒன்றாகிவிடும். எனவே பேச்சுத் துப்பு ஒன்றை மட்டும் நம்பிக் கதையை நிறுத்தாதீர்கள். திரைக்கு வெளியிலிருந்து வரும் குரலுக்கு வசனவரியில் பெயர் போட்டு, ரகசியத்தை 20ஆம் நிமிடத்திலேயே உடைப்பதும் நடக்கும். அந்தக் கோப்பை எழுத்தாளரே ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும்.

தனியாக இருக்கும்போது நடிக்கவிடாதீர்கள்

இது மிக மோசமான தவறு. 'ஃப்ரோசன்' படத்தில் ஆனாவை முதன்முதலில் சந்தித்தபின், யாரும் பார்க்காதபோதும் ஹான்ஸ் கனிவாகப் புன்னகைக்கிறார். யாரை ஏமாற்ற அந்தப் புன்னகை? பார்வையாளரை மட்டும்தான். இரண்டாம் முறை பார்க்கும் பிள்ளைக்கு இது மோசடியாகத் தெரியும். ஆச்சி தனியாக வரும் காட்சியில் அவர் செய்வது இரண்டு வாசிப்புக்கும் உண்மையாக இருக்கட்டும். மின்னி விட்டுப்போன மீன்துண்டை அவர் நெடுநேரம் பார்க்கலாம். அன்பு என்றும் படிக்கலாம், குற்றவுணர்ச்சி என்றும் படிக்கலாம்.

பேச்சு நடையும் காட்டிக்கொடுக்கும். மற்றவர்கள் பேச்சுத்தமிழில் உரையாட, ஒருவர் மட்டும் செய்தி வாசிப்பதுபோல் பேசினால் வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகூடக் கவனிக்கும். இங்கே குரல் கலைஞர்களின் வட்டம் சிறியது. வசந்தம் தொலைக்காட்சி, ஒலி 96.8 வானொலி வழியாக எல்லாரும் அறிந்த ஒரு கனத்த குரலைச் சின்னப் பாத்திரத்துக்குப் போட்டால், 'இவ்வளவு பெரிய ஆளை இதற்கா கூப்பிட்டார்கள்?' என்று பெற்றோர் யோசிப்பார்கள்.

வெளிப்படும் காட்சி

52 முதல் 56ஆம் பக்கத்துக்குள். அதைத் தாண்டினால் மின்னி என்ன முடிவெடுப்பது என்பதற்கு இடம் இருக்காது. ஆச்சியே எல்லாவற்றையும் விளக்கிப் பேசக் கூடாது. மின்னி கண்டுபிடிக்கட்டும்: உண்மையிலேயே சங்கு ஒலித்த ஒரு காலையில் கரைக்கற்கள் நனைந்திருப்பதை அது பார்க்கிறது, காய்ந்த கற்கள் நினைவுக்கு வருகின்றன. ஆச்சிக்கு அதன்பின் நான்கு வரிக்கு மேல் வேண்டாம்.

உண்மை தெரிந்ததும் கண்கள் குறுகுவதும் குரல் தடிப்பதும் 'டேய்' என்று மாறுவதும் அதுவரை கட்டியதை அழித்துவிடும். ஆச்சி அப்போதும் 'கண்ணு' என்றுதான் அழைக்கிறார், அதே மெதுவான குரலில். அதுதான் நடுங்கவைக்கும். முடிவில் அவரை மலையுச்சியிலிருந்து விழவைக்கவும் வேண்டாம். "ஆச்சி என்ன ஆனாங்க?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்; அதற்கு விடையாக அரைப் பக்கமாவது எழுதுங்கள்.

பிள்ளைகளிடம் சோதித்தல்

ஸ்டோரிபோர்டை (காட்சிகளை வரிசையாக வரைந்த படங்களை) அனிமாட்டிக்காக, அதாவது தற்காலிகக் குரலோடு ஓடும் மாதிரிப் படமாக, ஓட்டிப் பார்க்கும் கட்டத்தில் 8 முதல் 10 வயதுள்ள எட்டுப் பிள்ளைகளை உட்காரவையுங்கள். பெற்றோர் வெளியே இருக்கட்டும், அவர்களின் முணுமுணுப்பு முடிவைக் கெடுக்கும். 20, 35, 50ஆம் நிமிடங்களில் நிறுத்திக் கேளுங்கள். "யார் வில்லன்?" என்று கேட்டால் நீங்களே தேட வைத்துவிடுவீர்கள். "இவர்களில் யாரோடு ராத்திரியில் ஆற்றைக் கடப்பாய்? யாரோடு போகமாட்டாய்?" என்று கேட்டுத் தனித்தனியே எழுதி வாங்குங்கள்.

20ஆம் நிமிடத்தில் மூன்று பேருக்கு மேல் ஆச்சியை மறுத்தால் முதல் துப்பு உரக்க இருக்கிறது. கற்கள் திரையில் நிற்கும் நேரத்தைக் குறையுங்கள். முடிவில், "முன்னாடியே எதைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாம்?" என்று கேளுங்கள். மூவராவது ஒரு துப்பைச் சரியாகச் சொல்லாவிட்டால் மறைத்தது அதிகம். ஊகித்தவர்களிடம் காரணம் கேட்பதுதான் மிகப் பயனுள்ளது. "வேற யாரும் மிச்சமில்லை" என்றால் பாத்திரங்களைக் கூட்டுங்கள். "குரல்" என்றால் குரலை மாற்றுங்கள். "ரொம்ப நல்லவங்களா இருக்காங்க" என்றால் ஆச்சிக்குக் கொஞ்சம் கோபத்தையும் பிடிவாதத்தையும் கொடுங்கள்.

மாற்றியபின் புதிய எட்டுப் பேரைக் கூப்பிடுங்கள். பழைய குழுவுக்கு விடை தெரியும். இந்த இரண்டாம் சுற்றை முடிக்காமல் அசைவூட்டத்தைத் தொடங்காதீர்கள்; அதன்பின் ஒரு காய்ந்த கல்லை நனைந்த கல்லாக்கவும் காட்சியைத் திரும்ப உருவாக்கவேண்டியிருக்கும்.