கீப்பர்களை ஒப்பிடுகிறவர்கள் தவறவிடும் கேட்சுகள்

மேற்கிந்தியத் தீவுகளின் விக்கெட் கீப்பர் ஜெஃப் டுஜோன் 81 டெஸ்ட் ஆடினார். கீப்பராக 265 கேட்ச் பிடித்தார். ஸ்டம்பிங், அதாவது கோட்டை விட்டு வெளியே வந்த ஆட்டக்காரரை ஸ்டம்பைத் தட்டி அவுட்டாக்கியது, எத்தனை தெரியுமா? ஐந்தே ஐந்து. அவருக்கு அரை நூற்றாண்டு முந்தைய ஆஸ்திரேலிய கீப்பர் பெர்ட் ஓல்ட்ஃபீல்டு 54 டெஸ்டில் 52 ஸ்டம்பிங் செய்திருக்கிறார். டெஸ்டில் இன்றுவரை அதுதான் சாதனை. இந்த இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், டுஜோனுக்கு ஸ்டம்பிங்கே வராது போல என்று தோன்றிவிடும்.

டுஜோன் கீப்பராக நின்றது மார்ஷல், ஹோல்டிங், கார்னர் என்ற வேகப்பந்து வீச்சாளர்களுக்கு. ஸ்டம்புக்கு அவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறவர் ஸ்டம்பின் மேலிருக்கும் எந்த பெயிலைத் தட்டுவது? ஓல்ட்ஃபீல்டு ஸ்டம்போடு ஒட்டி நின்றது மெய்லி, கிரிம்மெட் என்ற லெக் ஸ்பின்னர்களுக்கு. கீப்பரின் கணக்குப் புத்தகத்தில் பாதியை எழுதுகிறவர் பந்துவீச்சாளர்தான். இதை மறந்துவிட்டு மொத்த எண்ணிக்கையை வைத்து அடித்துப் பேசுவதுதான் நாம் எல்லோரும் செய்கிற முதல் தவறு.

ஒரே ஒரு ஆட்டம் எண்களை எப்படிப் புரட்டிப் போடும் என்பதற்கு நம்மூர் சேப்பாக்கமே சாட்சி. 1988 ஜனவரியில், முதல் டெஸ்ட் ஆடிய இந்திய லெக் ஸ்பின்னர் ஹிர்வானி 16 விக்கெட் எடுத்தார். மேற்கிந்தியத் தீவுகள் ஆட்டக்காரர்கள் இறங்கி வந்து மட்டையை வீச, பந்து சுழன்று உள்ளே போக, பின்னால் கீப்பர் கிரண் மோரே பெயிலைத் தட்டிக்கொண்டே இருந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும் 5, ஆட்டத்தில் மொத்தம் 6. இரண்டுமே உலக சாதனைகள். மோரே 49 டெஸ்டில் செய்த மொத்த ஸ்டம்பிங் 20. அதில் ஆறு இந்த ஒரு ஆட்டத்திலேயே வந்துவிட்டது! மோரே திறமைசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆடுகளமும், ஹிர்வானியும், எதிரணியின் அவசரமும் ஒரே இடத்தில் கூடாமல் இருந்திருந்தால் அந்தச் சாதனையும் இல்லை.

அடுத்தது பை ரன்கள்: பேட்டில் படாத பந்தைக் கீப்பர் விட்டுவிட்டால் எதிரணிக்குக் கிடைப்பவை. "இவர் நிறைய பை விடுகிறார்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 1946-ல் சிட்னியில் ஆஸ்திரேலியா 659 ரன் குவித்தபோது, இங்கிலாந்து கீப்பர் காட்ஃப்ரே எவன்ஸ் ஒரு பை கூட விடவில்லை. அது பெருமைதான். ஆனால் லெக் சைடில் வாரி இறைக்கும் பந்துவீச்சாளருக்குப் பின்னால் நின்று பாய்ந்து பாய்ந்து பத்தைத் தடுத்து இரண்டை விட்டவருக்கு ஸ்கோர்கார்டில் அந்த இரண்டு மட்டும்தான் இருக்கும். தடுத்த பத்துக்குக் கட்டம் கிடையாது. விட்ட கேட்சுக்கும், தவறிய ஸ்டம்பிங்குக்கும்கூட ஸ்கோர்கார்டில் இடமில்லை. இன்னொரு வேடிக்கை: கால் வேகமான கீப்பர் எட்டாத பந்தையும் எட்டித் தொட்டுவிட்டு "கேட்சை விட்டார்" என்று பெயர் வாங்குவார். நகராமலே நின்றவரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சரி, தோனிக்கு வருவோம். வராமல் இருந்தால் விடமாட்டீர்கள்.

மூன்று வகை சர்வதேச ஆட்டங்களிலும் சேர்த்து அவர் செய்த ஸ்டம்பிங் 195. வேறு எவரும் அந்தப் பக்கம் வரவில்லை. அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லித் தருவது, பந்து வரும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே வாங்கு என்பதுதான். முட்டையைப் பிடிப்பதுபோல. அப்படி வாங்கினால் பந்து துள்ளி வெளியே விழாது. ஆனால் பின்னுக்குப் போன கை மறுபடி ஸ்டம்புக்கு வர வேண்டும். தோனி அந்தப் பின்வாங்கலை ஏறக்குறைய எடுத்தே விட்டார். பந்து கையுறையில் விழும்போதே கை ஸ்டம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். பிடிப்பதும் தட்டுவதும் ஒரே அசைவு. பேட்ஸ்மேனின் பின்கால் ஒரு நொடி தூக்கினால் போதும், கதை முடிந்தது.

நானும் மேட்டிங் விக்கெட்டில் (பாய் விரித்த ஆடுகளத்தில்) அதைச் செய்து பார்த்திருக்கிறேன். பந்து கையில் பட்டு, பக்கத்தில் நிற்கும் முதல் ஸ்லிப் ஃபீல்டர் வரை போனது. அந்தக் கையும் கண்ணும் இல்லாதவர்கள் அதைப் பின்பற்றக் கூடாது என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.

இங்கேதான் ரசிகர்கள் சறுக்குகிறார்கள். ஸ்டம்பை ஒட்டி நிற்கும் வேலை வேறு, வேகப்பந்துக்குத் தள்ளி நிற்கும் வேலை வேறு. இரண்டாவதில் கையைவிடக் கால்தான் முக்கியம். தனக்கும் முதல் ஸ்லிப்புக்கும் நடுவில் போகிற பந்துக்குத் தோனி பாய்வதில்லை என்ற குறை வெளிநாட்டு டெஸ்டுகளில் அடிக்கடி எழுந்தது. அது ஆதாரமில்லாத குறை அல்ல. ஸ்டம்பிங் காணொளிகளை மட்டும் பார்த்து "எல்லாவற்றிலும் அவர்தான்" என்று முடிவு கட்டினால், பாதிப் பரீட்சைக்கு முழு மதிப்பெண் போட்ட மாதிரி ஆகும்.

தேர்வுக்குழுவினருக்கு இந்த வித்தியாசம் தெரியும். 2018 டிசம்பரில் அடிலெய்டில் ரிஷப் பந்த் ஒரே டெஸ்டில் 11 கேட்ச் பிடித்து உலக சாதனையைச் சமன் செய்தார். பத்து மாதம் கழித்து விசாகப்பட்டினத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கீப்பராக நின்றவர் விருத்திமான் சாஹா. அஸ்வினும் ஜடேஜாவும் நாள் முழுக்க வீசப்போகிற மண்ணில் அடிலெய்டு கணக்கு செல்லாது.

பேட்டிங்கைக் கலந்து குழப்பிக்கொள்வது இன்னொரு பழக்கம். ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் டெஸ்ட் பேட்டிங்கில் 47.60 சராசரி வைத்திருந்தார் என்பதற்காக அவர் கையுறை, அவருக்கு முன் அங்கே கீப்பராக இருந்த ஹீலியின் கையுறையைவிட உயர்ந்ததாகிவிடாது. கையுறை வேலை மட்டும் என்றால் நான் ஹீலி பக்கம். சங்கக்காரா கீப்பராக ஆடிய டெஸ்டுகளில் சராசரி 40 சொச்சம், கையுறையைக் கழற்றி வைத்த டெஸ்டுகளில் 66 சொச்சம். கையுறை பிரசன்ன ஜெயவர்தனவிடம் போனதில் இலங்கைக்கு இரட்டை லாபம்: ரன்னும் வந்தது, சுழல் வீசிய முரளிக்கும் ஹேரத்துக்கும் பின்னால் பொறுப்பான கையும் கிடைத்தது. ஆனால் உலகின் சிறந்த கீப்பர் பட்டியல் போடுகிறவர்களில் எத்தனை பேருக்குப் பிரசன்னவின் பெயர் ஞாபகம் வருகிறது?

ஹீலியை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் கீப்பராக நின்றது லெக் ஸ்பின்னர் வார்னுக்கு. வலக்கை ஆட்டக்காரருக்கு லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்துகிற பந்தைக் கீப்பர் பார்க்கவே முடியாது. நடுவில் பேட்ஸ்மேனின் உடம்பு. பந்து குத்தும் கணத்தில் கண்ணுக்கு மறைந்து, ஆட்டக்காரரின் கால்களைத் தாண்டித்தான் மறுபடி தெரியும். அதுவும் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று தெரியாமல். அடுத்த டெஸ்டில் நான்காம் நாள் சுழல் வீசும்போது பந்துவீச்சாளரை விட்டுவிட்டு கீப்பரின் முட்டியைப் பாருங்கள். பந்து குத்துவதற்கு முன்பே எழுந்துவிடுகிறாரா, பந்தின் எழுச்சியோடு சேர்ந்து எழுகிறாரா என்று.