கன்று பேரணிக்கு முந்தின ராத்திரி செய்யக்கூடாதவை

ஒன்பதாவது படிக்கும்போது எனக்கென்று ஒரு ஜெர்சி கலப்பினக் கிடாரிக் கன்றை விட்டுக்கொடுத்தார்கள். ஊருக்குக் கால்நடை முகாம் வரப்போகிறது, நல்லா வளர்த்த கன்றுக்குப் பரிசு உண்டு என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின நாள் சாயங்காலம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். உடம்பு மினுமினுக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். வயிறு நிறைந்து புஷ்டியாகத் தெரியட்டும் என்று ஒரு படி மக்காச்சோள மாவைப் புண்ணாக்கோடு கரைத்து வைத்தேன். காலையில் பார்த்தால் வயிறு தப்பட்டை மாதிரி உப்பி இருக்கிறது, கழிச்சல் வேறு. முகாமுக்கு வந்த டாக்டர் முதலில் வைத்தியம் பார்த்ததே என் கன்றுக்குத்தான். பரிசாக வைத்திருந்த எவர்சில்வர் குடம் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குப் போனது. அவள் கன்றுக்கு எண்ணெயும் இல்லை, பொட்டும் இல்லை.

தமிழ்நாட்டில் கால்நடைத் துறை ஊர் ஊராக நடத்தும் சுகாதார முகாம்களில் கன்று பேரணியும் சேர்ந்தே இருக்கும். தடுப்பூசி, குடற்புழு நீக்கம், சினைப் பரிசோதனை எல்லாம் ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் கன்றுகளை வரிசையாக நிறுத்தி நன்றாக வளர்ந்தவற்றுக்குப் பரிசு கொடுப்பார்கள். பெரும்பாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவது வீட்டுப் பிள்ளைகள்தான். கால்நடை வளர்ப்பில் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் அந்தப் பரிசு பேரணிக்கு முந்தின ராத்திரியில் முடிவாவதில்லை. கன்று பிறந்த முதல் மூன்று மாதத்திலேயே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. அந்த மூன்று மாதத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் பிள்ளைகள் செய்வதும் இல்லை, பெரியவர்கள் செய்வது.

கொடி விழட்டும் என்று காத்திருப்பது

முதல் தவறு கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நடக்கிறது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கொடுக்க வேண்டும் என்று பாட்டி சொல்வார், வீட்டில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். கொடி விழ எட்டு மணி நேரம்கூட ஆகலாம். மாட்டினத்தில் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றுக்குள் இருக்கும்போது கன்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. சீம்பால் வழியாகத்தான் வருகிறது. அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் முழுசாக இருக்கும். நேரம் ஆக ஆகக் குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய மூடிவிடும். அதற்கப்புறம் குடம் குடமாகக் கொடுத்தாலும் அது வெறும் பால்தான். கன்று எழுந்து நின்றதும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் குடிக்க விட வேண்டும். சீக்கிரம் பால் குடித்தால் கொடி விழாது என்பதற்கு அடிப்படையே இல்லை. கன்று ஊட்டும்போது கருப்பை சுருங்குவதால் கொடி விழ உதவிதான்.

தொப்புள்கொடியைச் சுத்தமான கத்தரியால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு நறுக்கி, டிங்சர் அயோடின் தொட்டு வைக்க வேண்டும். சாணியோ சாம்பலோ வைக்கக்கூடாது. அந்த வழியாகக் கிருமி ஏறினால் முழங்கால் மூட்டெல்லாம் வீங்கிவிடும். பேரணியில் காலைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் சில கன்றுகளின் கதை அங்கே ஆரம்பித்ததுதான்.

சொசைட்டிக்கு ஊற்றியது போக மிச்சம்

இதைச் சொன்னால் வீட்டில் கோபம் வரும். முதல் மாதத்தில் கன்றுக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் வேண்டும். 25 கிலோ கன்று என்றால் இரண்டரை லிட்டர், அதையும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பால் சொசைட்டி வண்டி வரும் நேரத்தில் மடியை ஒட்டக் கறந்துவிட்டு, "போ, ஊட்டிக்கோ" என்று கன்றை அவிழ்த்து விட்டால் அது காற்றைத்தான் குடிக்கும். கன்று பிள்ளையுடையது என்று சொல்லிவிட்டுப் பால் கணக்கை மட்டும் அப்பா வைத்துக்கொண்டால், பிள்ளை எதைக் கற்றுக்கொள்வது? கன்றைக் கொடுக்கும் அன்றைக்கே அதன் பங்குப் பால் எவ்வளவு என்று பேசி முடித்துவிட வேண்டும்.

பால் மட்டுமே போதும் என்று விடுவதும் தவறு. பிறக்கும்போது கன்றுக்கு அசை போடும் பெரிய இரைப்பை வளர்ந்திருக்காது. இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு கைப்பிடி கன்றுத் தீவனத்தையும் கொஞ்சம் நல்ல காய்ந்த புல்லையும் வைத்தால், நக்கி, முகர்ந்து, தானாகப் பழகும். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பால்தான் குடிக்கிறதே, தண்ணி எதற்கு என்று பல வீடுகளில் வைப்பதே இல்லை.

"புல்லே தின்னாத கன்றுக்குப் பூச்சி எப்படி வரும்?"

என் மாமா கேட்ட கேள்வி இது. நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் பெரிய உருண்டைப் புழு ஒன்று தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு வந்துவிடும். அதனால்தான் பிறந்த பத்துப் பதினைந்து நாளிலேயே முதல் பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அளவை எடைக்குத் தகுந்தபடி டாக்டரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும். வயிறு மட்டும் பானை மாதிரி தொங்கி, முதுகெலும்பு துருத்தி, மயிர் சிலிர்த்து நிற்கும் கன்றைப் பார்த்து "நல்லா வயிறாரத் தின்னிருக்கு" என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது புழு வயிறு. மண் நக்குவதும் சுவரை நக்குவதும் புழுவாலும் வரும், தாது உப்புக் குறைவாலும் வரும். வாய்க்கூடை கட்டிவிட்டுக் காரணத்தைப் பார்க்காமல் விடக்கூடாது.

மருந்து கொடுக்கும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் நாக்கை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் தலையை வானத்தைப் பார்க்கத் தூக்க, மூன்றாமவர் மூங்கில் குழாயில் மடமடவென்று ஊற்றுவார். நாக்கைப் பிடித்தால் கன்றால் விழுங்க முடியாது. ஊற்றியது மூச்சுக்குழலுக்குள் இறங்கும். எண்ணெயாக இருந்தால் நுரையீரலில் தங்கி நிமோனியா வந்து நான்கு நாளில் கன்று போய்விடும். நோயைவிட மருந்து ஊற்றிய விதத்தாலேயே செத்த கன்றுகளை நான் பார்த்திருக்கிறேன். தலை, முதுகு மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். கடைவாய் ஓரமாக, ஒவ்வொரு வாயாக, விழுங்கவிட்டு ஊற்ற வேண்டும். இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும்.

கண் அளவை நம்புவது

தினமும் பார்க்கிறவன் கண்ணுக்குக் கன்று வளர்ந்துகொண்டேதான் இருக்கும். தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் ஒன்று போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. தோள்பட்டை முனையிலிருந்து வாலடியில் துருத்தி நிற்கும் எலும்பு வரை இன்னோர் அளவு. நெஞ்சளவை நெஞ்சளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் வரும். நெஞ்சளவு 36 அங்குலம், நீளம் 34 அங்குலம் என்றால் சுமார் 67 கிலோ. கலப்பினக் கன்று நாளுக்கு 400 முதல் 500 கிராம் கூடினால் சரியான பாதையில் போகிறது என்று அர்த்தம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதிவந்தால் எந்த வாரத்தில் வளர்ச்சி நின்றது, அந்த வாரம் என்ன நடந்தது என்று பிள்ளைக்கே பிடிபடும்.

நாட்டு மாட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டு மனசு ஒடியக்கூடாது. காங்கேயம் கன்று ஜெர்சிக் கலப்பின் வேகத்தில் எடை போடாது, போடவும் வேண்டாம். இன்னொன்றும் உண்டு. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். இது தெரியாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கலப்பினக் கன்றுக்குப் பதினைந்து நாளுக்குள் கொம்புக் குருத்தைச் சுட்டுவிடுவது வழக்கம், அதுவும் டாக்டர் கையால். காங்கேயத்துக்கு அதைச் செய்துவிட்டுக் கண்ணபுரம் சந்தைக்கோ அந்தியூர் சந்தைக்கோ கொண்டுபோனால் சிரிப்பார்கள்.

தடுப்பூசியைப் பேரணி அன்றைக்கு வைத்துக்கொள்வது

முகாமில்தான் ஊசி போடுகிறார்களே, அங்கேயே போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் ஊர்க் கன்றுகள் எல்லாவற்றோடும் மூக்கோடு மூக்கு உரசியாயிற்று. கோமாரி ஊசி நான்காவது மாதத்தில், ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கிடாரிக் கன்றுக்கு நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்க்கான ஊசி வாழ்நாளில் ஒரே தடவைதான். அந்த வயதைத் தவறவிட்டால் விட்டதுதான். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால், பிள்ளைகள் புழங்கும் கட்டுத்தறியில் இதில் அசட்டை கூடாது. காதில் போடும் 12 இலக்க மஞ்சள் வில்லை எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கயிறு

பிள்ளைகளுக்கு உயிராபத்து தரும் தவறு ஒன்று உண்டு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது. மைக் செட் அலறியதும் கன்று பாயும், நாலு மாதக் கன்றுக்கே பிள்ளையைவிட எடை அதிகம். சுற்றிய கயிறு அவிழாது, மணிக்கட்டு போகும், இல்லையென்றால் இழுத்துக்கொண்டு போகும். மிச்சக் கயிற்றை மடித்து மடித்துக் கையில் பிடிக்க வேண்டும், வளையமாகச் சுற்றக்கூடாது. கழுத்தில் சுருக்கு முடிச்சும் கூடாது, இழுக்க இழுக்க இறுகும். தலைக்கயிறு போட்டுப் பழக்குவதுதான் நல்லது.

பழக்கம் இரண்டாம் மாதத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். தினம் பத்து நிமிஷம் நடை, அப்புறம் நாலு காலும் சமமாக ஊன்றி ஒரு நிமிஷம் நிற்பது. பிள்ளை ஒருவனை மட்டுமே பார்த்து வளர்ந்த கன்று, டாக்டர் மடியையும் காம்பையும் தொட்டதும் உதைக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காதையும் காலையும் வாலடியையும் தொடச் சொல்ல வேண்டும். ரேடியோவையும் கட்டுத்தறி ஓரமாகக் கொஞ்சம் பாட விடலாம்.

அன்றைக்கு

எண்ணெய் வேண்டாம், புழுதி ஒட்டும். மஞ்சளும் குங்குமமும் சலங்கையும் மாட்டுப் பொங்கலுக்கு அழகு, பேரணியில் பார்க்கிறவருக்குத் தோல்தான் தெரிய வேண்டும். உண்ணி இருக்கிறதா என்று காதுக்குள்ளும் வாலடியிலும் தேடிப் பார்ப்பார்கள். உண்ணி மருந்தை முந்தின ராத்திரி அடித்துவிட்டு வருவதைவிட மாதக்கணக்கில் கட்டுத்தறியைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் பலன் தரும்.

தீவனத்தை ஒரு பிடிகூட மாற்றக்கூடாது. நான் செய்த தவறுக்கு அமில நோய் என்று பெயர். மாவுச்சத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் பெரிய இரைப்பையில் புளித்து அமிலம் கூடிவிடும். தை மாதம் ஆசையாகப் பொங்கலை அள்ளி வைத்து மாடுகள் சுருண்டு விழுவதும், கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்று விழுவதும் இதே நோய்தான். விழுந்துவிட்டால் கைவைத்தியத்தில் நேரம் கடத்தாமல் 1962க்குப் போன் செய்ய வேண்டும், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

அங்கே டாக்டர், "எப்போ பிறந்தது? என்ன தீவனம்?" என்று பிள்ளையிடம் கேட்பார். பின்னாலிருந்து அப்பா பதில் சொல்வார். இதை நான் எத்தனையோ முகாமில் பார்த்துவிட்டேன். எட்டு மாதம் சாணி அள்ளிய பிள்ளை வாயை மூடிக்கொண்டு நிற்கும். அப்பாக்கள் டீக்கடைப் பக்கம் போய்விடுவது உத்தமம்.

வீடு திரும்பியதும் கன்றை நேராக மற்ற மாடுகளோடு கொண்டுபோய்க் கட்டக்கூடாது. கோமாரியும் தோல் கழலை நோயும் இப்படிக் கூடிக் கலையும் இடங்களிலிருந்துதான் ஊர் ஊராகப் போகின்றன. இரண்டு மூன்று வாரம் தனியாக, தனித் தண்ணீர்த் தொட்டியோடு கட்டி, வீட்டில் இருக்கும் மாடுகளைப் பார்த்து முடித்த பிறகு கடைசியாக அதைப் பார்க்க வேண்டும். செருப்பையும் கயிற்றையும் கழுவ வேண்டும்.

விற்கும் விஷயத்தைப் பேசாமல் விடுவது

கிடாரி என்றால் பெரும்பாலும் வீட்டிலேயே நிற்கும். காளங்கன்றோ கிடாக்குட்டியோ கொடுத்தால் கதை வேறு. அமெரிக்காவில் 4-ஹெச் என்ற சிறுவர் மன்றத்துப் பிள்ளைகள் மாவட்டத் திருவிழாவுக்கு வளர்க்கும் காளையும் பன்றியும் கடைசியில் அங்கேயே ஏலத்தில் போய்விடுவது வழக்கம். அது பிள்ளைக்கு முதல் நாளே தெரியும். அப்படியும் ஏலத்தன்று அழுவார்கள். நம் வீடுகளில் சொல்வதே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கட்டுத்தறி காலியாக இருக்கும். அல்லது தான் பெயர் வைத்துக் கூப்பிட்ட குட்டி கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா என்பது கோயில் வாசலில்தான் தெரியவரும். என் தங்கை அப்படி ஒரு ஆடி மாதத்துக்குப் பிறகு இன்றுவரை ஆட்டைத் தொட்டதில்லை.

குட்டியைக் கையில் கொடுக்கும்போதே, இது எத்தனை மாதம் இருக்கும், எதற்காக வளர்க்கிறோம், விற்ற காசில் பிள்ளைக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் பிள்ளைக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். சரி என்றால் நோட்டின் முதல் பக்கத்தில், பிறந்த தேதிக்குக் கீழேயே, விற்கும் மாதத்தையும் அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.