உறைய வைத்த சிறுநீரில் ஆல்புமின் அளவு தவறாமல் இருக்க

சிறுநீர் மாதிரியை மாதக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரை நம்ப வேண்டாம். அங்கே ஆல்புமின் என்ற புரதம் மெல்லக் குறையும். சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருளான கிரியேட்டினினோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். இரண்டின் விகிதம் பொய்யாக இறங்கி, சிறுநீரகப் பாதிப்பின் தொடக்கமே கண்ணில் படாமல் போகலாம். மைனஸ் 70-க்குக் கீழே வையுங்கள்.

அதற்கு முன் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிச் செல்களை இறக்கிவிட்டு, தெளிந்த மேல்நீரை 2 மில்லி பிளாஸ்டிக் குழாய்களில் 1.5 மில்லி வீதம் பிரித்து ஊற்றுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் உறையும்போது விரிந்து மூடி பிதுங்கும். ஒரு குழாயை ஒருமுறை மட்டுமே உருக்க வேண்டும்.

உருகியதும் அடியில் வெள்ளையாகவோ செங்கல் பொடி நிறத்திலோ படிவு தெரியலாம். பாஸ்பேட், யூரேட் உப்புகள்தான். ஆனால் அதில் ஆல்புமினும் சிக்கியிருக்கும். கலங்கலைப் பார்த்ததும் மறுபடி சுழற்றித் தெளியவைப்பதுதான் வழக்கமான தப்பு: அளக்க வேண்டியதையே அடியில் விட்டுவிடுகிறோம். முதலில் 37 டிகிரி நீர்த்தொட்டியில் 15 நிமிடம் வைத்து, பத்து முறை கவிழ்த்து நிமிர்த்திக் கலக்குங்கள். நுரை வருமளவுக்குக் குலுக்காதீர்கள்.

கால்சியம் அளக்க அமிலம் சேர்க்க வேண்டும், யூரிக் அமிலத்துக்குக் காரம். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் எடுத்துவையுங்கள்.